கடித்த ரொட்டி

“ஓம், நான்தான் எறிஞ்சனான். ஆரோ கடிச்சுப்போட்டு விட்ட காய்ஞ்ச ரொட்டியை ஆணியில கொழுவி வைச்சா, கரப்பான் வராமல் கனவான்களே வருவினம்?”

குணவதியின் குரல் வோபர்னில் நாலு வீடு தள்ளிக் கேட்டது. அவளுடைய பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்த பக்தியாரின் குரலும் அதற்குக் குறைந்ததல்ல. மனுசன் உஸ்பெக் கவிஞர். தமிழ்க் கவிதைகளை உஸ்பெக்கில் மொழிபெயர்ப்பவர். மொஸ்கோவில் புத்தகம் வைத்துத் தமிழ் படித்ததால், கோபம் வந்தாலும் மேடைப்பேச்சுத்தான் வரும்.

“அம்மையீர், என் மனைவியின் வருகையையே தாங்கள் குப்பையில் வீசிவிட்டீர்கள்.”

சங்கதி இதுதான். அவர்களின் ஊரில் பயணம் போகிறவர் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவரே தின்று முடிப்பார். தாயைப் பார்க்கத் தாஷ்கண்டுக்குப் போன நிகோரா கடித்த ரொட்டி அது. கோடைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கரப்பானுக்கு மருந்தடிக்கக் கீழே போன குணவதிக்குக் கை சும்மா இருக்குமா? குப்பை லொறியும் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து போய்விட்டது.

அதற்குப் பிறகு பக்தியார் மொழிபெயர்க்கவில்லை. முன்பெல்லாம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு, குணவதி சமைக்கிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார். பெரிய தொல்லை என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். இப்போது அந்தத் தட்டல் இல்லாமல் அவளுக்குக் கறி பதமாக வருவதில்லையென்று புருசன் சிவபாதம் சொல்லித் திரிந்தார்.

கடைசியில் அதேபோல வட்டமான ரொட்டி ஒன்றை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த முன்பல்லையும் பாராமல் தானே ஒரு கடி கடித்து, அதே ஆணியில் கொழுவினாள்.

பக்தியார் அதை நெடுநேரம் பார்த்தார். “நல்ல மொழிபெயர்ப்பு, அம்மையீர். கருத்து இருக்கிறது. பல்தான் அவளுடையதன்று.”

குணவதி மேலே வந்து, குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

கோடை போயிற்று. நிகோரா தாஷ்கண்டிலேயே வேறொருவரைக் கட்டினாளாம். அந்தக் கதை ரொட்டிக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்று அயலில் இருந்த நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். குணவதி காது கொடுக்கவில்லை.

விமான நிலையத்தில் வேலை கிடைத்துப் பக்தியார் மிசிசாகாவுக்குப் போனார். போகிற காலை, குணவதி வாசலை மறித்து ஒரு ரொட்டியை நீட்டினாள்.

“கடிச்சுப்போட்டுப் போங்கோ.”

கடித்தார்.

அடுத்த வருடம் மகள் துர்க்காவுக்குக் கலியாணம் முடிய, இவர்களும் பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போனார்கள். குடிபூரலுக்குப் போனவர்கள் புதுக் குசினிச் சுவரில் தொங்கிய ரொட்டியைப் பார்த்து, கண்ணூறுக்கு என்று நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. மிசிசாகா அப்படியொன்றும் தூரமில்லை, காரில் ஒரு மணித்தியாலம்தான்.