கை இறங்காத நேரம்

சீருடையைத் துவைத்து மடித்து, அதன்மேல் அலமாரிச் சாவியை வைத்து, துணிப்பை ஒன்றில் போட்டுக்கொண்டு அவள் மீட்புப் படையின் அலுவலகத்துக்கு வந்தபோது காலை பத்து மணி. பதினான்கு வருடமாக அந்தப் படையில் அவளுக்குக் காது என்று பெயர். ஊரின் எந்த மூலையில் யார் முனகினாலும் அவளுக்குக் கேட்கும். இடிந்து விழுந்த கட்டடத்தின் அடியில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், அதில் யாருடைய மூச்சு தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பறக்கிறவளும் பாறையைப் புரட்டுகிறவனும் இருந்த படையில், அவள் வாய் திறக்காமல் யாரும் கல்லில் கை வைத்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு அந்தச் சக்தியை அவளாகவே விட்டுவிட்டாள். படை மருத்துவர் ஆறு ஊசி போட்டார். போனது போனதுதான், திரும்பி வராது என்று ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு சொல்லிவிட்டே போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் அவள் அலுப்பு என்று மட்டும் சொன்னாள்.

உண்மையான காரணம் நான்காக மடித்த ஒரு காகிதம். துணி துவைக்கும்போது கணவனின் சட்டைப்பையில் கிடைத்தது. மகளின் கையெழுத்தில், "அப்பா, கணக்குல மார்க் போச்சு. அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ மூச்சு விடாத" என்று இருந்தது. கீழே அவன் எழுதியிருந்தான்: "சரி. இதை நானே கிழிச்சுப் போட்டுடறேன், சத்தம் வராம." எட்டு வயதுப் பெண்ணும் நாற்பது வயது மனிதனும் ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, துணியெல்லாம் வாளியில் ஊறிக் கிடக்க, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. இத்தனை நாள் இவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்றுதான் தோன்றியது.

இப்போது வீடு வீடாக இருக்கிறது. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மையோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது வெயிலில் காய்ந்த போர்வையைப்போல் இதமாக இருந்தது. உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். கேட்காத காதுக்குப் படையில் என்ன வேலை? கேப்டன் கொடுத்த மூன்று மாத விடுப்பு இன்றோடு முடிகிறது. போ என்று அந்த அம்மாள் வாயால் கேட்பதற்குள் தானே ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள்.

கேப்டன் தொலைபேசியில் யாரிடமோ புது ஏணி ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி அவளைப் பார்த்து, உட்கார் என்று கை காட்டினார். அவள் உட்காருவதற்குள் அபாய மணி அடித்தது. முன்பெல்லாம் அலறல் முதலில் அவள் காதில்தான் விழும், மணி அடிக்கும்போது அவள் வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பாள். இன்று மற்றவர்களைப்போலத் திடுக்கிட்டாள். எல்லோரும் ஓடினார்கள், அவளும் ஓடினாள். வண்டி தெரு முனையைத் திரும்பியபிறகுதான், நான் ஏன் ஏறினேன் என்று நினைத்துப் பார்த்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். கேப்டன் மட்டும், இறங்கினால் வண்டிப் பக்கத்திலேயே நில் என்றார்.

அது ஒரு சலவைக் கூடம். மொட்டைமாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்திருந்தது. நனைந்த விரிப்புகள் கம்பிகளில் சுற்றிக் கிடந்தன. உடைந்த குழாயிலிருந்து நீராவி சீறியது. முதலாளி தன் ஆட்களை வாசலில் வரிசையாக நிறுத்தி இரண்டு முறை எண்ணிவிட்டு, பதினொரு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், உள்ளே ஈ காக்கை கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

அப்படியானால் வேலை சுலபம். சரிந்த கூரைப் பலகையைப் புரட்டிப் போட்டால் போதும். அதற்குக் கடப்பாரை இருந்தான். பெயர் அது, ஆள் கதவு அளவு அகலம். அவன் முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு குனிந்தான்.

படையில் எங்கேயும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. இடிபாட்டில் யார் கை வைப்பதற்கும் முன்பு காது வலது கையை உயர்த்துவாள். அவ்வளவுதான், எஞ்சின் நிற்கும், பேச்சு நிற்கும், இருமல்கூட நிற்கும். மூன்று மூச்சு நேரத்தில் கையை இறக்கி, இடத்தைக் காட்டுவாள். பிறகுதான் மற்றதெல்லாம்.

குனிந்த கடப்பாரை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். மேலே சுற்றிக்கொண்டிருந்த தும்பி, படையிலேயே சிறியவள், ஓசைப்படாமல் சுவர்மேல் வந்து இறங்கினாள். யாரும் யோசித்துச் செய்யவில்லை, பதினான்கு வருடப் பழக்கம் செய்தது. அவள் கையும் உயர்ந்துவிட்டது.

உயர்ந்தபிறகுதான் நினைவு வந்தது.

கேப்டனின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தெருவே அடங்கிப் போயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு நீராவியின் சீறல் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. மூன்று மூச்சு போயிற்று. கையை இறக்கினால் ஏதாவது சொல்ல வேண்டும். ஒருவரும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? எனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? காது மடல் சுட்டது. கையை அப்படியே வைத்திருந்தாள். பத்து மூச்சு. இருபது. ஏற்கெனவே அணைத்திருந்த கொதிகலனில் மிச்சமிருந்த நீராவியும் தீர்ந்து, சீறல் மெலிந்து, நின்றது. தோள் கடுத்தது. அதற்கு முன்பு எந்த மௌனத்திலும் அவள் இப்படி ஒன்றுமே இல்லாமல் நின்றதில்லை.

"யாரோ தட்றாங்க" என்றான் கடப்பாரை.

சாப்பிடக் கூப்பிட்டால் நாலாவது தடவைதான் காதில் விழும் என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன ஆள். ரகசியம் பேசத் தெரியாதவன், இப்போது ரகசியம்போலச் சொன்னான். பிறகு தும்பிக்குக் கேட்டது. பிறகு ஓட்டுநருக்கு. டொக், டொக் என்று இரும்பில் இரும்பு படும் சத்தம் கடைசியாக அவளுக்கும் கேட்டது. கடப்பாரை பிடிக்கவிருந்த முனைக்கு எதிர்முனையின் அடியில்தான் அந்தச் சத்தம். இங்கே தூக்கியிருந்தால் பலகையின் மறுபாதி அப்படியே அந்த ஆள்மேல் உட்கார்ந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து தூக்கினார்கள். உலர்த்தும் இயந்திரத்தைப் பழுது பார்க்க அன்று காலை வந்த மெக்கானிக், உடம்பெல்லாம் சோப்புத்தூளோடு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். சம்பளப் பட்டியலில் இல்லாத ஆள் என்பதால் முதலாளியின் எண்ணிக்கையில் அவர் வரவில்லை. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்னாலேயே தட்டியிருக்கக் கூடாதா என்று கேப்டன் மெக்கானிக்கைக் கடிந்துகொண்டார்.

"எதுக்குத் தட்டணும்? நீங்க வந்த சத்தம் கேட்டுச்சு, எடுத்துடுவீங்கன்னு சும்மா கிடந்தேன். திடீர்னு எல்லாம் அடங்கிடுச்சு. ரொம்ப நேரமா ஒரு சத்தத்தையும் காணோம். சரி, கிளம்பிட்டாங்க போலன்னு பயந்துட்டேன். அப்புறம்தான் தட்டினேன்."

திரும்பும்போது வண்டியில் பேச்சை அவள்தான் தொடங்கினாள்.

"எனக்கு எதுவுமே கேக்கல, கேப்டன். என்ன சொல்றதுன்னு தெரியாம கையத் தூக்கிட்டே நின்னேன்."

"தெரியும்மா. உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு."

"உனக்குக் கேக்காதுங்கிறத மறந்துட்டு நான் வேற மூச்சப் பிடிச்சுட்டு நின்னேன்" என்றான் கடப்பாரை. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்னைத்தான் தோண்டி எடுத்திருக்கணும், தங்கச்சி."

தும்பி சிரித்தாள். பழைய நாட்களில் அக்கா மூன்று மூச்சில் கையை இறக்கிவிடுவதால், நான் அந்த நேரத்தில் எதையும் கேட்க முயன்றதே இல்லை, நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஒப்புக்கொண்டாள். ஓட்டுநரும் ஆமாம் என்று தலையாட்டினார். கேப்டன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நான்கு தெரு கடக்கும்வரை எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிஃப்ட்" என்றார் திரும்பாமலே. "கை தூக்க ஒரு ஆள் வேணும். எப்ப இறக்கணும்னு அவசரப்படாத ஆளா இருக்கணும்."

அவளுக்கு ஷிஃப்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை. எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எது வேலை நேரம்? கூப்பிடாமலே ஓடிவந்த பதினான்கு வருடத்தில் முடியாது என்று அவள் சொன்னதும் இல்லை.

"ஆறு மணிக்கு முடியாது கேப்டன். பொண்ணுக்குத் தலை பின்னி அனுப்பணும். எட்டு."

கேப்டன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏழரை."

"எட்டு."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"சரி, எட்டு" என்றார் கேப்டன். "மத்தவங்க மாதிரி நீயும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள வரணும்."

பின் இருக்கையில் கடப்பாரையும் தும்பியும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுத்தார்கள், பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். தன்னைப் பற்றித்தான் இருக்கும். என்னவென்று தெரிய வேண்டுமானால் திரும்பித்தான் கேட்க வேண்டும்.

அவள் திரும்பிக் கேட்டாள். அவர்கள் சொல்லவில்லை.