மீசை வைத்த படம்

"இதை எழுதினது யாரு?"

சீருடைச் சட்டைக் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியின் முகத்துக்கு நேரே கணவன் போனை நீட்டினான். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். சற்று முன்புதான் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். செருப்புக்கடை முதலாளியை முகநூலில் விடாமல் துன்புறுத்துவதாக அவன் மேல் புகார்.

"நான்தான்," என்றாள்.

"என் பேருலயா?"

"எனக்குன்னு ஒரு பேரு வச்சுக்க எங்க விட்டீங்க?"

உள்ளேயிருந்து நாத்தனார் ஓடி வந்தாள். "அடிப்பாவி! என் தம்பி வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

அந்தக் குடும்பத்துப் பெண்களின் பெயரோ முகமோ இணையத்தில் வரக்கூடாது. ஆசையிருந்தால் கணவன் கணக்கில், அவன் படத்தோடு பார்க்கலாம், எழுதலாம். யார் வீட்டிலோ குழந்தை பிறந்து படம் வந்தபோது, "என் செல்லக்குட்டி, கண்ணு பட்டுடும்டி" என்று மீசைக்காரர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

திருமணத்துக்கு முன் அவள் அந்தச் செருப்புக்கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களின் காலளவு பார்த்து, மாடி அறைக்குப் போய்ப் பெட்டி எடுத்துவர வேண்டும். பெட்டி எடுக்கப் போனால் முதலாளியும் பின்னாலேயே படியேறுவார். ஒரு நாள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டாள். அவள் நிற்பதற்குக் கொஞ்சம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். வாயில்லாப் பூச்சி. எந்த அளவு எந்த அடுக்கில் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். படியேறும் முதலாளியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

சமீபத்தில் குருவியும் நின்றுவிட்டாள். உடனே முதலாளி அவள் படத்தைப் போட்டு, "திருடிவிட்டு ஓடியவள். யாரும் வேலை கொடுக்காதீர்கள்" என்று எழுதினார். ஊரே அதைப் பகிர்ந்தது. குருவி எங்கே போய் வேலை கேட்டாலும் அந்தப் படம் அவளுக்கு முன்னால் போய் நின்றது. இப்போது அவள் வாசலுக்குக்கூட வருவதில்லை.

அந்தப் படத்தின் கீழேதான் இவள் கேட்டாள். "பெட்டி எடுக்கப் போகும் பெண்கள் பின்னால் நீங்கள் ஏன் மாடிக்குப் போகிறீர்கள்?" முதலாளி அழித்தார். மறுபடி எழுதினாள். அவர் அழிக்க அழிக்க எழுதினாள்.

காவல் நிலையத்தில் ஏட்டு, மனைவியோடு வந்து நின்ற கணவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற ஆளு நீ. கேஸ் போட்டா உன்னை வேலையில வச்சிருப்பாங்களா?"

"சத்தியமா நான் எழுதல சார். என் வீட்டுக்காரிதான்..."

"மீசை உன்னோடதுதானே?" ஏட்டு படத்தைக் காட்டிச் சிரித்தார்.

"சார்," என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு போட்டோவப் போட்டுத் திருடின்னு எழுதியிருக்காரே, அது துன்புறுத்தல் இல்லையா?"

"அது எச்சரிக்கைம்மா. நீ செஞ்சதுதான் தொல்லை."

"அவ திருடுனதா உங்ககிட்ட புகார் குடுத்திருக்காரா சார்?"

ஏட்டு பேனாவை மூடினார். "இப்படிக் கேள்வி கேட்டுத்தானே இங்க வந்து நிக்கிற? முதலாளி நல்ல மனுஷன், பெரிய மனசு பண்றாரு. எழுதினது யாரோ, அவங்க சொந்தப் பேருல, முகத்தோட மன்னிப்புக் கேக்கணும். அதே இடத்துல. இன்னைக்குள்ள வரலேன்னா உன் புருஷன் மேல கேஸ்தான்."

வீட்டுக்கு வந்ததும் கணவன் அவளைச் சுவரோரம் நிறுத்திப் போனைத் தூக்கினான்.

நாத்தனார் பதறினாள். "தம்பி, இவ முகத்தையா ஊருக்குக் காட்டப்போற?"

"வேலை போயிட்டா நீயாக்கா சோறு போடுவ?"

நாத்தனார் சீப்பை எடுத்து வந்தாள். "தலையாவது சீவிக்கோ. மானம் போறப்பவும் பாக்க லட்சணமா இருக்கணும்."

"சிரிக்காத," என்றான் கணவன். "மன்னிப்புக் கேக்குற மாதிரி மூஞ்சிய வை."

"அது எப்படி வைக்கணும்?"

அவன் படம் எடுத்தான். பிறகு கணக்குத் தொடங்க உட்கார்ந்தான். "பேருக்குப் பின்னால என்ன போடட்டும், உங்கப்பா பேரா, என் பேரா?"

"ரெண்டும் வேணாம். என் பேரு போதும்."

மன்னிப்பையும் அவனே அடித்து முடித்தான். தெரியாமல் செய்துவிட்டேன், பெரியவர் பொறுத்தருள வேண்டும் என்று இருந்தது. "ஒரு எழுத்து மாத்தாமப் போடு," என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு, அவள் காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மாலை வண்டிக்குக் கிளம்பினான்.

திரையில் தன் முகத்தையும் பெயரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் எழுதியதை அழித்தாள். பிறகு நிதானமாக எழுதினாள்.

"இதுவரை என் கணவர் படத்தை வைத்துக் கேட்டது நான். அவருக்கு இதில் சம்பந்தமில்லை. நானும் அந்தக் கடையில் வேலை பார்த்தேன். நான் பெட்டி எடுக்கப் போனபோது முதலாளி ஏன் என் பின்னால் மாடிக்கு வந்தார்?"

குருவியின் படத்துக்குக் கீழே அதைப் பதிவிட்டாள்.

"போட்டுட்டியா?" சமையலறையிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"போட்டுட்டேன் அண்ணி."

"எல்லாரும் பாக்குற மாதிரிதானே?"

"ஆமா அண்ணி. எல்லாரும் பாக்குற மாதிரிதான்."

போன் அதிர்ந்தது. காவல் நிலையமாக இருக்கும் என்று நினைத்துக் கையில் எடுத்தாள். முன்பின் தெரியாத ஒருவர் அவள் கேள்விக்குக் கீழே எழுதியிருந்தார். படத்தில் தடித்த மீசை, கறுப்புக் கண்ணாடி, சாய்ந்து நிற்க ஒரு மோட்டார் சைக்கிள்.

"என் பின்னாடியும் வந்தார் அக்கா."