மூன்றாம் தடவை கேட்டால்

அமெரிக்காவின் வடக்கு ஓரத்துப் பனி ஊரான எங்கள் டுலூத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். சேச்சே, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்கும்போது, "சரி, அரைக் கோப்பை மட்டும்" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவையே கை நீட்டுகிறவன் வெளியூர்க்காரன். மூன்றாம் தடவையும் மறுக்கிறவனுக்கு நம்மேல் ஏதோ கோபம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கிற சட்டங்களை இந்த ஊரில் மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர்கள் இல்லை.

மார்லிஸ் ஹாகன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். வயது ஐம்பத்தாறு. இத்தனை வருடமும் வாடகை மாடியில் காலம் தள்ளியவளுக்கு, ஏரியைப் பார்த்த மேட்டில் ஒரு சின்ன வீடு கடைசியாகப் படியும்போல் இருந்தது. வங்கி கடன் தர ஒத்துக்கொண்டுவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

"அதுவரைக்கும் உங்க பேர்ல புதுசா எந்தக் கடனும் தலைகாட்டக் கூடாது மார்லிஸ். காட்டினா எல்லாம் அப்படியே நின்னுடும்" என்று வங்கியில் கடன் பார்க்கும் கார்லா சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மார்லிஸ் செருப்புக் கடையைக்கூட எதிர்ச் சாரியில் நடந்தே கடந்தாள்.

செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின், அவள் போன் அடித்தது.

"மார்லிஸ் ஹாகன்தானே? நான் சீனியர் ஆபீசர் பிரெஸ்டன் வின்த்ரோப். வழக்குக்கு முந்தைய உயர்மட்டத் தீர்வுப் பிரிவிலேருந்து பேசறேன்."

உயர்மட்டத்தில் நல்ல இரைச்சல். அவருக்குப் பின்னால் இன்னும் பல சீனியர் ஆபீசர்கள் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் சாண்ட்விச்சை யார் தின்றது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரிசோனாவுல உங்க வீட்டுப் பின்பக்கம் நீச்சல்குளம் வெட்டினீங்களே, அதுல நாலாயிரம் டாலர் பாக்கி."

மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏப்ரல் பிறந்தும் பள்ளி வாசலில் ஆளுயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது.

"அது நான் இல்லைங்க. நான் அரிசோனாவையே பார்த்ததில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க மேடம். இந்த வாரமே உங்க பேர்ல கடன்னு பதிஞ்சுடுவோம். அப்புறம் ஒரு கடை, ஒரு வங்கி உங்களை உள்ள விடாது."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். வேறு ஊர்க்காரி என்றால் போனை வைத்திருப்பாள். எங்கள் ஊரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பதும், முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதும் ஒன்று.

"உங்க நிலைமை புரியுது. ஆயிரத்து இருநூறு கொடுத்துடுங்க, கணக்கை முடிச்சுடறேன்."

"ஐயோ, வேண்டாங்க."

"சரி, அறுநூறு. என் அதிகாரத்துல குறைக்கிறேன்."

"சேச்சே, உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்."

"முந்நூறு. எனக்காக மேடம்."

"சரி" என்றாள் மார்லிஸ்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அதைச் சொன்னது அவள் மூளை அல்ல, ஐம்பத்தாறு வருடப் பழக்கம்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க ஒத்துக்கிட்டது பதிவாயிடுச்சு. நாளைக்கு இதே நேரம் கூப்பிடறேன், கார்டு நம்பரை எடுத்து வச்சுக்கங்க."

பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த லவோன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள். இரண்டு கல்யாணம் செய்து இரண்டு கணவன்களின் கடன்காரர்களோடும் பேசிப் பழகியவள் அவள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

மார்லிஸ் சொன்னாள்.

"ஒத்துக்கிட்டியா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? வெட்டாத குளத்துக்கா காசு?"

"மூணாவது தடவையும் கேட்டாரு லவோன்."

"கேட்டா? காப்பியா குடுத்தான் அவன்? இத பாரு, பத்து டாலர் குடுத்தாலும் கடன் என்னுதுதான்னு நீயே சொன்ன மாதிரி ஆயிடும். மிச்சத்துக்கு நாளைக்கே இன்னொருத்தன் கூப்பிடுவான். எனக்கு நடந்திருக்கு."

"குடுக்கலைன்னா பதிஞ்சுடுவேங்கறாரே. வீடு போயிடும். குடுத்தாலும் கடன் என் தலைல, அப்பவும் வீடு போயிடும். நான் என்னதான் பண்றது?"

"நாளைக்கு நீ கேளு. ஆபீஸ் முகவரி என்ன, யாருக்குத் தரவேண்டிய பணம், எல்லாத்தையும் எழுதி அனுப்புன்னு கேளு. நிஜமான ஆளுன்னா சொல்லுவான்."

"அவரை நம்பலைன்னு நினைச்சுக்க மாட்டாரா?"

லவோன் குழாயைத் திறந்துவிட்டாள், வேகமாக.

அன்று வீட்டுக்குப் போன மார்லிஸ், புது வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த திரைத்துணியைப் பைக்குள் திருப்பி வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். பிறகு கடைச் சீட்டைத் தேடினாள், திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் உதவும் என்று. சாப்பிடத் தோன்றவில்லை.

மறுநாள் சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. மார்லிஸ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே எடுத்தாள்.

"கார்டு ரெடியா மேடம்?"

"அதுக்கு முன்னாடி... உங்க ஆபீஸ் முகவரி கொஞ்சம் தர முடியுங்களா?"

"அதெல்லாம் வெளில சொல்றதில்ல."

மார்லிஸ் தலையாட்டிக்கொண்டாள். முதல் தடவை யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"பரவால்ல, சொல்லுங்க. விவரமெல்லாம் எழுத்துல வேணும்."

"அது எங்க சட்டப் பிரிவு முடிவு பண்ற விஷயம்."

இதுவும் முறைப்படிதான். அவளுக்குச் சற்றே தைரியம் வந்தது.

"தயவுசெஞ்சு உங்க முகவரியைச் சொல்லுங்க."

மறுபுறம் மூச்சுச் சத்தம். "ஏம்மா, போலீஸ் வந்து கதவைத் தட்டணுமா உனக்கு? நேத்து ஒத்துக்கிட்டு இன்னிக்குக் கதை விடறே?"

"மூணு தடவை கேட்டுட்டேன்" என்றாள் மார்லிஸ். குரலில் பயத்தோடு வேறு ஏதோவும் சேர்ந்திருந்தது. "மூணாவது தடவை கேட்டும் குடுக்காதவங்களை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நேத்து நான் குடுத்தேன், ஒரு வார்த்தை. அதைத் திருப்பி எடுத்துக்கறேன். குளம் என்னுதில்ல. நான் கட்ட மாட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

"வச்சுட்டாரு" என்றாள் லவோனிடம், நம்ப முடியாமல். "வச்சுடறேன்னுகூட ஒரு வார்த்தை சொல்லல!"

"உயர்மட்டம்டி. அவங்களுக்கு நேரம் கிடையாது."

லவோன் சிரித்தாள். மார்லிஸால் முடியவில்லை. பதிந்துவிட்டானா, இல்லையா? வியாழக்கிழமை முழுவதும் போன் அடிக்கவே இல்லை. அடிப்பதைவிட அது மோசமாக இருந்தது. தெருவில் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தாள்.

வெள்ளிக்கிழமை வங்கியில் கார்லா கணினியை அவளுக்குத் தெரியாத கோணத்தில் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு தடவை உங்க கடன் பதிவைப் பார்த்துடறேன். எங்க வழக்கம்."

பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த நேரத்தில் மார்லிஸின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண்.

"எடுக்கறீங்களா?" என்றாள் கார்லா.

"வேண்டாங்க."

"அவசரமா இருக்கப் போகுது. பேசுங்க."

"சேச்சே, உங்களைக் காக்க வைக்கக் கூடாது."

போன் விடவில்லை. கார்லா எங்கள் ஊர்க்காரி. புன்னகையோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தயங்காதீங்க மார்லிஸ். நான் இருக்கேன், பேசிட்டு வாங்க."

மார்லிஸ் போனைப் பார்த்தாள். விரல் பாதி தூரம் போய்விட்டது.

"வேண்டாம்" என்றாள்.

கார்லாவின் புன்னகை அப்படியே நின்றது. இவளுக்கு நம்மேல் என்ன கோபம் என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, காகிதத்தையும் பேனாவையும் முன்னால் தள்ளினாள்.

"உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. இங்க போடுங்க கையெழுத்தை."

மார்லிஸ் போட்டாள். ஹாகனின் கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த எழுத்தைப் போடும்போதுதான் போன் மறுபடி அடித்திருந்தது.