பின்னோக்கிச் சுற்றிய சக்கரம்

ஓடும் மின்னாக்கியின் மேல் வலது உள்ளங்கையை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய் சொன்ன கை கொப்பளித்துவிடும். என் கையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

முலாஞ்சே மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் நீர்மின் நிலையம். டர்பைனும் பம்பும் ஒரே குடும்பம் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். தண்ணீர் சக்கரத்தைச் சுற்றினால் டர்பைன்; சக்கரம் தண்ணீரைத் தள்ளினால் பம்ப். மாவரைத்த மரச்சக்கரம் இரும்பாகி இருநூறு வருடம் ஆகியும் இந்த உறவு மாறவில்லை.

அன்று முற்பகல், பழுதுபார்த்து வந்த மின்னாக்கியை என்னோடு வேலை செய்யும் எலுபே மாட்டினாள். மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றி முறுக்கிவிட்டாள். தண்ணீரைத் திறக்கும் முன்பே ஊர்க்கம்பியோடு இணைத்தும்விட்டாள். ஊரின் மின்சாரம் உள்ளே பாய்ந்து சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அது தெரியாமல், வழக்கம்போல் குழாயின் அடைப்பைத் திறந்தாள். தூங்குகிறவன் மூச்சை இழுத்து, விட மறந்ததுபோல் ஒரு சத்தம். வெளியே கீழ்க்கால்வாய் வற்றத் தொடங்கியது.

மலைமேல் அணைக்காவலன் மக்வின்ஜாவிடமிருந்து தொலைபேசி.

"பெரியப்பா, தண்ணி மேல ஏறி வருது."

"காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

"நான் குடிச்சது கஞ்சிதான். போன வாரத்துச் சருகு வருது. ஈஸ்டருக்குப் பாதிரியார் தொலைச்ச தொப்பி வருது. ஒண்ணுகூட நனையல, பெரியப்பா."

எலுபே தொலைபேசியைப் பிடுங்கினாள். அவள் அண்ணன் லூசியஸ் நான்கு வருடத்துக்கு முன் மேலே அணையிலிருக்கும் அந்தக் குழாய் வாயில் குப்பை அள்ளும்போது வழுக்கி உள்ளே போனவன். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் இன்றும் அவனுக்கு ஒரு தட்டு ன்சிமா சோளக்களி எடுத்து வைக்கிறார்கள்.

"வேற என்ன வருது? சொல்லு!"

"ஒரு கை. குழாய் வாயில இருக்கிற தடுப்புக் கம்பியப் பிடிச்சு ஏறுறான். நீலச் சட்டை."

"பேரக் கேளு."

மக்வின்ஜா மெதுவாகச் சொன்னான்: "கேட்டேன். 'எலுபே இன்னும் கம்பிய மாத்தித்தான் மாட்டுறாளா?'ன்னு சிரிக்கிறான்."

சக்கரத்தின் தாங்கியிலிருந்து புகை வந்தது. இன்னும் சற்றுப் போனால் எல்லாம் வெடிக்கும். நான் இணைப்பைத் துண்டிக்கும் கைப்பிடியைப் பிடித்தேன். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் என் கையைப் பிடித்தாள்.

"இடுப்பு வரைக்கும் வந்துட்டான், பெரியப்பா. நிறுத்தினா திரும்ப உள்ள போயிடுவான். காலு ரெண்டும் வெளிய வரட்டும். ஒரே ஒரு நிமிஷம்."

புகை எங்கள் முழங்கால்வரை ஏறியது. தொலைபேசியில் யாரோ ஈரமில்லாமல் இருமினார்கள்.

எங்கள் நிலையத்தில் இருப்பது கிண்ணங்கள் பொருத்திய சக்கரம். தண்ணீரில் மூழ்காமல் காற்றில் தொங்கும் வகை. அதை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குழாயில் மேலே ஏறாது. ஆனாலும் என் கை கொப்பளிக்கவில்லை.