வரையாமல் விட்ட கால்

"கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிடி," என்றாள் அத்தை.

அவள் அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். அத்தை சட்டைக் கையை நுழைத்து மெல்ல இழுத்தாள். தோளிலிருந்து முழங்கைக்கு எவ்வளவு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு எவ்வளவு என்று, வரைந்து பழகிய அவள் மனம் தன்பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.

காலையில் ஓவியக் கல்லூரி வகுப்பில், அவளையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும்போது, நடுவில் நாற்காலியில் இருந்தபடியே அப்பா போய்விட்டார்.

முப்பது வருஷம் தபால்காரராக நடந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரியில் மாடலாக உட்கார ஆள் தேடுகிறார்கள் என்று அவள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாளே போய் நின்றார்.

"சும்மா உட்காரவும் சம்பளமாம். விடுவேனா?" என்று சிரித்தார்.

"வகுப்புல என்னைத் தெரிஞ்சாப்ல காட்டிக்காதீங்கப்பா."

அவரும் காட்டிக்கொள்ளவில்லை. முதல் நாள் மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

இரண்டு மாதமாக வகுப்பிலேயே மோசமான படம் அவளுடையதுதான். மீசை கறுத்து, கன்னம் நிறைந்து, பத்து வருஷத்துக்கு முந்தைய அப்பாவே தாளில் வந்து உட்கார்ந்தார். "தெரிஞ்சதை வரையாதே, எதிர்ல இருக்கறதைப் பாரு," என்று சொல்லிச் சொல்லி ஆசிரியருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்றைக்குத்தான் வந்தது. தளர்ந்த கீழுதடு. கழுத்தெலும்பின் கீழே விழுந்த நிழல். மடியில் பாதி திறந்து கிடந்த விரல்கள். கரித்துண்டு தானாக ஓடியது. ஆசிரியர் அவள் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். "இன்னைக்குத்தாம்மா நீ பார்த்திருக்கே," என்றார். சந்தோஷத்தில் அவளுக்குக் காது மடல் சூடானது.

இடைவேளை மணி அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.

மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் அரைமணி நேரமாவது இருக்கும் என்றார்.

"நீ எதிர்லயேதானே இருந்தே?" பட்டன் போட்டபடி அத்தை கேட்டாள். "ஒண்ணுமே தெரியலையா உனக்கு?"

"பார்த்துக்கிட்டேதான் அத்தை இருந்தேன்."

அத்தை நிமிர்ந்தாள். அண்ணன் மகள் அழுகிறாளா என்று பார்த்திருக்க வேண்டும். அவள் அப்பாவின் காலரை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் ஆசிரியர் வந்தார். கையில் சுருட்டிய தாள். "அங்கயே விட்டுட்டு வந்துட்டே. உங்கிட்ட இருக்கணும்னு தோணிச்சு," என்றார் வாசலில் நின்றே. அவள் கை நீட்டுவதற்குள் அத்தை அதை வாங்கிப் பிரித்துவிட்டாள்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னமா தூங்குறார், பாவம்," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"தூக்கமா? கதவைத் தட்டிட்டு, உள்ள ஆள் வர்ற சத்தம் கேக்குதான்னு நிக்கிற மூஞ்சிம்மா அது," என்றார் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர்.

"ரெண்டும் இல்ல. அண்ணன் சிரிப்பை அடக்கிட்டு இருக்கு. அந்த வாயை எனக்குத் தெரியாதா?" அத்தை சிரிக்கப் போய், பாதியிலேயே உடைந்து அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தாள். "எப்படி உசுரோட இருக்கு பாரேன். எப்போ வரைஞ்சதுடி இது?"

ஆசிரியர் தரையைப் பார்த்தார்.

"போன மாசம்," என்றாள் அவள்.

அத்தை படத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். "இடது காலை விட்டுட்டியேடி. ஊரெல்லாம் நடந்த காலு. எடுத்துட்டுப் போறதுக்குள்ள போட்டுடு." யாரோ ஒரு பென்சிலைத் தேடிக் கொடுத்தார்கள்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை விலக்கினாள். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. அதில் நகம் இல்லை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரல்களையும் மெல்லப் பிரித்தாள். விட்டதும், சுண்டு விரல் மறுபடி மேலே ஏறிக்கொண்டது.