நாய் என்று சொல்லாமல்

1.

இந்தக் கதை ஓர் உவமையிலிருந்து பிறந்தது. அந்த உவமை இல்லாமல் இதை எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

"லுவ்சன்தாஷின் ஈரலில் ஒரு போர்—"

(வேண்டாம். அவர் போரைப் பார்த்தவரில்லை. ஆடு மேய்த்தவர்.)

"நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி புகுந்த ஈரலைக் கண்டால் அவை—"

(பாடப்புத்தகம் போலிருக்கிறது. ஆனால் பொய் இல்லை. இந்த அரை வாக்கியத்தை நீங்கள் வைத்திருங்கள். பிறகு கேட்பேன்.)

லுவ்சன்தாஷின் மனைவியைத் துலம் என்று அழைக்கிறேன். அது என் பெயரில் பாதி. 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.

2.

தலைநகர் உலான்பாத்தரில் ஒரு மருத்துவமனை. ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை. டாக்டர் சரன்குவா லுவ்சன்தாஷுக்கும் துலமுக்கும் மகள் வயதுதான் இருப்பாள். நோயின் பெயரை அவள் சொல்லவில்லை. நோயாளியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை. அதனால் மூவரும் சுற்றி வளைத்தே பேசினார்கள்.

"சின்ன வயசுலயே ஒரு கிருமி உங்க ஈரல்ல குடியேறிருச்சு, அண்ணே. ஈரலைக் கெடுத்தது அதுகூட இல்ல. அதை விரட்டப்போன உங்க சொந்த வெள்ளை அணுக்கள்தான். கிருமி இருந்த இடத்தையும் சேத்து அழிச்சு அழிச்சு, எல்லாம் தழும்பாப் போச்சு. அந்தத் தழும்புலதான் இப்போ... அந்தக் கட்டி."

"அந்த அணுவெல்லாம் இப்ப எங்கம்மா?"

"கட்டிக்குள்ளயேதான் இருக்கு. ஓஞ்சுபோய்ச் சும்மா நிக்குது."

லுவ்சன்தாஷ் சிரித்துவிட்டார். "கேட்டியா கிழவி, நம்ம பாசர் மாதிரி! கண்டதுக்கெல்லாம் குரைச்சுட்டு, ஓநாய் வர்றப்போ தூங்குற நாய்."

(பாசர் அப்படித் தூங்கியதே இல்லை. சிரிப்புக்காகச் சொன்னார். நாயின் பக்கம் பேச அங்கே யாருமில்லை.)

"அதேதான் அண்ணே!" சரன்குவாவின் முகம் தெளிந்தது. சொல்லக்கூடாததைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "ஒரு மருந்து இருக்கு. அது கட்டியைத் தொடாது. நாயோட சங்கிலியை அவுத்துவிடும், அவ்வளவுதான். சில பேருக்கு நல்லாக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. எப்பவாவது ஈரலையே கடிச்சிரும். அதை நாங்க கவனிச்சுக்குவோம்."

3.

ஊர் திரும்பும் வழியில், பனி மூடிய வெளியில், அவர் காரை நிறுத்தினார்.

"கிழவி, ஆட்டைக் கடிச்ச நாயை நாம என்ன பண்ணுவோம்?"

துலம் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தாள்.

"வச்சிருக்க மாட்டோம்ல? இது இத்தனை வருஷமா என் ஈரலைக் கடிச்ச நாய். அதைப் போய் அவுத்துவிடச் சொல்லுது அந்தப் பொண்ணு."

"அது நாயில்ல, கிழவா. ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நாயில்லன்னா வேற என்ன? சொல்லு."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருந்து வேண்டாம் என்றுவிட்டார். சரன்குவா தொலைபேசியில் எவ்வளவோ மன்றாடினாள். "கடிச்சுப் பழகுனது கடிக்கும், தங்கச்சி" என்று அவர் தன்மையாகவே சொன்னார். அவளுக்கு ஒரு பை நிறைய உலர்தயிரும் கொடுத்தனுப்பினார். அந்த ஆண்டுக் குட்டிகள் புல் மேயத் தொடங்கும் முன்பே போய்விட்டார்.

4.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மருந்தை ஏற்றிக்கொள்கிறார். ஓய்ந்து நின்ற அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இலையுதிர்காலத்தில் லாயத்துக்குக் கூரை போட்டபடி என்னைக் கிழவி என்று கூப்பிட்டு— (ஒவ்வொரு முறையும் இதைத்தான் நன்றாக எழுதுகிறேன். அதனால் கிழித்துவிட்டேன்.)

இன்னொன்றில், மருந்து ஏறியதும் ஈரல் முழுவதும் அழன்று, ஆஸ்பத்திரியிலேயே போகிறார். அவருடைய நாய்க்கணக்கு சரியாக வருகிறது. (சில நாட்களில் எனக்கு ஆறுதலாக இருப்பது இந்த முடிவுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

மருந்து அவருக்குக் கேட்டிருக்குமா என்று சரன்குவாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம்.

முடிவு இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கார் இன்னும் அந்தப் பனிவெளியில்தான் நிற்கிறது. "வேற என்ன? சொல்லு" என்று அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தில் கொடுத்த அரை வாக்கியம் உங்களிடம் இருக்கிறதல்லவா? நாய் என்று சொல்லாமல் அதை முடியுங்கள். ஆடு மேய்க்கிற மனிதருக்குப் புரிய வேண்டும். கேட்டதும் அவர் காரைத் திருப்ப வேண்டும்.

வெளியே பாசர் குரைக்கிறது. எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள்.

"நாயைப் பிடிங்க!"

போய்ப் பிடிக்க வேண்டும். நான் திரும்பி வருவதற்குள்