பாறைக்குப் பேச்சு பதினெட்டு

மனிதனின் தலையெழுத்து இனி மனிதன் கையிலேயே ஒப்படைக்கப்படும் என்ற மாபெரும் அறிவிப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அடைத்துக் கிடந்த தையல் கடைக்குள், துணி வெட்டும் மேசையின் தலைமாட்டில் நின்றபடி வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் உதவி மேலாளர். கையில் செங்கல் கனத்தில் ஒரு புதுப் புத்தகம். திரண்டிருந்த மக்கள் மூன்று பேர்: அவர் மனைவி, கடைக்குச் சொந்தக்காரரான தையல்காரர், மனைவியின் தம்பி.

“ஐந்தாம் பதிப்பு வந்தாச்சு. இனிமே நீங்க யாருங்கறதைப் பகடை முடிவு பண்ணாது. நீங்களே பண்ணுவீங்க.”

“இது வீட்டுக்கும் பொருந்துமா?” என்றாள் மனைவி.

வாராவாரம் நடக்கும் விளையாட்டு இது. உதவி மேலாளர் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு கற்பனை மனிதன். அவனுக்குப் பலம் இத்தனை, புத்தி இத்தனை, பேச்சு இத்தனை என்று ஒரு தாளில் எழுதிய எண்கள் உண்டு. அந்த எண்ணை எப்படிப் பெறுவது என்பதில்தான் விதிப் புத்தகம் எழுதிய ஞானிகள் பதிப்புக்குப் பதிப்பு மோதிக்கொண்டார்கள்.

முதல் பதிப்பில் மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான், அழுதாலும் மாறாது. இரண்டாவதில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இரக்கம் காட்டினார்கள். மூன்றாவதில் இரக்கம் கரைபுரண்டது. கயிறு கட்டும் திறமை தனி, அவிழ்க்கும் திறமை தனி. தையல்காரரின் வீரன் முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு, தான் போட்ட முடிச்சிலேயே மாட்டிக்கொண்டு உயிரை விட்டான். நான்காவதில் எல்லோரும் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி ஒரே அச்சு. இப்போது ஐந்தாவது: கொம்பு, வால், சிறகு, சோகமான இளமைப் பருவம், எண்கள், ஆளுக்குக் கொடுத்த புள்ளிகளைச் செலவழித்து எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளலாம்.

தையல்காரர் உடனே சிறகு வாங்கினார். அக்கா பூனை வால் வாங்கினாள்.

தம்பி எதையும் வாங்கவில்லை. அவன் லிப்ட் மெக்கானிக். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே சிவப்பு விழுந்துவிடும். அதனால் சிக்னல் என்று பெயர். பெயர் வைத்தவனே அவன்தான், மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள். லிப்ட் வேலை அவனுக்குப் பிடித்ததற்குக் காரணம், தண்டவாளத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை.

அவனுடைய ஆள் பெயர் பாறை. முதல் பதிப்பில் பேச்சுக்காக அவன் உருட்டிய மூன்று பகடையிலும் ஒன்று, ஒன்று, ஒன்று. மொத்தம் மூன்று. அதைவிடக் குறைவாக ஒரு ஜீவன் பேச முடியாது. ஆகவே பாறை தலையாட்டுவான், கை காட்டுவான், கதவு குறுக்கே வந்தால் தோளால் இடிப்பான். தம்பி பேசாமல் இருப்பதை யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியிராத ஒரே இடம் அந்த மேசை. அங்கே அது குறை இல்லை, விதி. பதிப்பு மாறும்போதெல்லாம் அந்த மூன்றை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

“இதுல எட்டுக்குக் கீழே கிடையாது மாப்ளே,” என்றார் உதவி மேலாளர். பிறகு, பிறந்தநாள் பரிசை நீட்டுகிற முகத்தோடு அவனுடைய தாளைத் தள்ளினார். “மிச்சப் புள்ளி எல்லாத்தையும் நானே உனக்குப் பேச்சுல போட்டுட்டேன். பதினெட்டு! நீ வாயைத் திறந்தா ராஜாவே அழுவான்.”

“அ... அத்தான், ப... பழைய...”

“நன்றி எல்லாம் எதுக்கு!”

“அவன் நன்றி சொல்லல,” என்றாள் அக்கா. “மூணு கேக்கறான். குடுத்தா உங்க சொத்து குறைஞ்சிடுமா?”

“புத்தகம்னு ஒண்ணு இருக்கே!” என்று அட்டையைத் தட்டினார் அவர். அலுவலகத்திலும் இப்படித் தட்டித்தான் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார். ஆனால் இப்போது குரலில் கெஞ்சல் இருந்தது. மைத்துனனுக்கு ஒரு நல்லது செய்ய பல வருடமாக வழி தேடியவர். கடைசியில் ஒரு புத்தகம் வழி காட்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. மழை. மலைமேல் ஒரு கோட்டை. இரும்புக் கதவு. “யாரது?” என்றது உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல். வழக்கம்போல பாறைதான் முன்னால் நின்றான்.

புது விதிப்படி பேச்சை ஆட்டக்காரரே பேசிக் காட்ட வேண்டும். மணல் கடிகாரம் இறங்கி முடிவதற்குள்.

உதவி மேலாளர் கடிகாரத்தைக் கவிழ்த்தார். சிக்னல் பாறையின் தாளைப் பார்த்தான். எழுந்து போய்விடலாம், செருப்பு வாசலில்தான் இருந்தது. வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை, தாடை மட்டும் அசைந்தது. மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா அவனைப் பார்க்காமல் பொத்தான் டப்பாவிலிருந்து வெள்ளைப் பொத்தான்களைப் பொறுக்கினாள். கடைசி மணல் விழுந்ததும் தையல்காரர் சாக்பீஸ் படிந்த விரலால் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

“யோவ், அப்படிச் செய்யக்கூடாது.”

“என் கடை, என் மேசை. நீங்க உங்க கிழவனைப் பாத்துக்கிட்டு உக்காருங்க.”

மறுபடி மணல் தீர்ந்தது. மறுபடி திருப்பினார்.

“எ... எனக்கு,” என்றான் சிக்னல். “எனக்குப் பே... பேச்சு வராது. மூ... மூணுதான்.” மூச்சை இழுத்துக்கொண்டான். “வெளியே ம... மழை. நனைஞ்சிட்டோம். க... கதவைத் திற... திறங்க.”

உதவி மேலாளர் மூக்கை உறிஞ்சினார். சட்டைப் பையில் தேடி ரப்பரை எடுத்து, பாறையின் தாளில் பதினெட்டை அழித்தார். மூன்று என்று எழுதினார். எண்ணில் எழுதி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத்திலும் எழுதினார். செங்கல் புத்தகத்தை மூடித் தையல் மெஷின் மேல் வைத்தார்.

“சரி, கிழவன் என்ன செஞ்சான்?” என்றாள் அக்கா. “கதவைத் திறந்தானா?”

உதவி மேலாளர் அப்போதுதான், ஆட்டக்காரர்கள் பார்க்காதபடி நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால், நேற்று தானே போட்டு வைத்திருந்த கோட்டையின் வரைபடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அதில் கதவு பூட்டியே இருக்கவில்லை.